எழுதிவைத்த சண்டைக்கு எதற்கு விமர்சனம்?

டபிள்யூ.டபிள்யூ.ஈ. நிறுவனத்தின் 'மண்டே நைட் ரா' பற்றி யாராவது நாலு வரி எழுதிவிட்டால் போதும், "எல்லாம் செட்டப்புதானே, இதற்குப் போய் விமர்சனமா?" என்று ஒரு குரல் வந்துவிடும். கேட்பவர் முகத்தில் ஏதோ ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட களிப்பு தெரியும். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பியவர்கள், ட்ரம்ப் கார்டில் பயில்வான்களின் எடையையும் மார்பளவையும் மனப்பாடம் செய்தவர்கள், பிறகு ஒருநாள் விஷயம் தெரிந்து நொந்துபோனவர்கள்தான் இதை மிக உரக்கக் கேட்கிறார்கள். நொந்துபோனது புரிகிறது. ஆனால் அது வாதமாகிவிடாது.

கேள்வியை அதன் முழு பலத்தோடேயே எடுத்துக்கொள்வோம். விளையாட்டை அலசலாம், ஏனென்றால் யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியாது. நாடகத்தை அலசலாம், ஏனென்றால் அது தன்னை நாடகம் என்று ஒப்புக்கொள்கிறது. மல்யுத்த நிகழ்ச்சியோ விளையாட்டின் வேடத்தில் வந்து நாடகம் போடுகிறது; ஜெயிப்பவர் பெயர் மத்தியானமே காகிதத்தில் இருக்கிறது; அப்புறம் யார் நன்றாகச் சண்டை போட்டார், யார் ஜெயித்திருக்க வேண்டும் என்று பேசுவதில் என்ன பொருள்? நன்கு படித்தவர்களும் பத்திரிகை ஆசிரியர்களும் உள்படப் பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

என் பதில் நேர் எதிரானது. முடிவு முன்பே எழுதப்பட்டிருப்பதால்தான் இதற்கு விமர்சனம் தேவைப்படுகிறது. கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் விக்கெட் விழுந்தால் வருத்தப்படலாம், வியக்கலாம்; "ஏன் இப்படி முடித்தீர்கள்?" என்று கேட்க ஆளில்லை. 'ரா'வில் ஆள் இருக்கிறது. அங்கே ஒருவர் கால் வழுக்கி விழுந்தால் அந்த வழுக்கலைக்கூட யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார். யார் ஜெயிப்பது, எத்தனை நிமிடத்தில், எந்த விளம்பர இடைவேளைக்குப் பிறகு, யார் முகத்தில் கேமரா நிற்கும்போது என்று எல்லாமே ஒருவரின் தேர்வு. தேர்ந்தவர் இருக்கிற இடத்தில் அவரைக் கேள்வி கேட்கவும் ஒருவர் வேண்டும்.

1999 ஜனவரி 4, திங்கட்கிழமை இரவை எடுத்துக்கொள்ளுங்கள். 'செட்டப்பு' வாதத்தைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல இரவு கிடைக்காது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு மல்யுத்த நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஒருபக்கம் வின்ஸ் மக்மேனின் 'ரா'; அப்போது நிறுவனத்தின் பெயர் டபிள்யூ.டபிள்யூ.எஃப். மறுபக்கம் டர்னர் குழுமத்தின் டபிள்யூ.சி.டபிள்யூ. நடத்திய 'நைட்ரோ'. அன்றைய 'ரா' ஆறு நாள் முன்பே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பதிவுசெய்யப்பட்டிருந்தது. 'நைட்ரோ' அட்லாண்டாவின் ஜார்ஜியா டோமிலிருந்து நேரலை. எதிராளியின் முடிவு கையில் இருந்ததால், மேலிடத்து உத்தரவுப்படி நைட்ரோவின் வர்ணனையாளர் டோனி ஷியவோனி அதை நேரலையிலேயே போட்டு உடைத்தார். மிக் ஃபோலி இன்றைக்கு அங்கே உலகப் பட்டத்தை ஜெயிக்கப் போகிறாராம். இதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதப் போகிறதாம் என்று ஏளனம் வேறு.

முடிவு தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும் என்பது உண்மையானால், அந்தக் கணத்தில் ஒருவரும் சேனலை மாற்றியிருக்கக் கூடாது. லட்சக்கணக்கானோர் மாற்றினார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு, அந்த முடிவைப் பார்ப்பதற்காகவே மாற்றினார்கள்.

ஏன்? ஃபோலி யார் என்று தெரிந்தால் விளங்கிவிடும். தொப்பையும் தொளதொளச் சட்டையும் முகத்தில் தோல் முகமூடியுமாக வருகிற ஆள். சிற்பம் போன்ற உடம்புகளை விற்கும் கடையில் இவருக்கு இடமே இல்லை. 1994-இல் மியூனிக் நகரில் நடந்த ஒரு சண்டையில், இறுக்கமாகக் கட்டியிருந்த ரிங் கயிற்றில் மாட்டி வலக்காதின் பெரும்பகுதியை இழந்தவர். 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் இவரைத் தூக்கிப் போட்ட காட்சி இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பத்தாண்டுக்கு மேலாக மற்றவர்களைப் பெரிய ஆளாகக் காட்டுவதற்காகவே விழுந்தவர். அப்படிப்பட்டவர் ஜெயித்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஜனம் போனது. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் இசை ஒலித்து அவர் ஃபோலியின் எதிராளி தி ராக்கை அடிக்க நாற்காலியோடு ஓடிவந்த நொடியில் வூஸ்டர் அரங்கம் போட்ட சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். ஃபோலி ஒலிவாங்கியைப் பிடித்து வெற்றியைத் தன் இரண்டு குழந்தைகளுக்கும் சமர்ப்பித்தார். நம் ஊர் திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்திலும் துரியோதனன் பதினெட்டாம் நாள் சாவான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். முடிவு தெரிந்த கதையின் ருசியை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அதே இரவில் அட்லாண்டாவில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். டபிள்யூ.சி.டபிள்யூ. பட்டம் கெவின் நாஷ் கையில் இருந்தது. தோல்வியே காணாதவராக ஓராண்டுக்கு மேல் வளர்க்கப்பட்ட கோல்ட்பெர்க்கை ஒரு வாரம் முன்புதான் நாஷ் வீழ்த்தியிருந்தார். மறுமோதல் என்று விளம்பரம். கோல்ட்பெர்க்கை ஒரு பொய்ப் புகாரில் போலீஸ் அழைத்துப்போவதாகக் கதையைத் திருப்பி, அவர் இடத்தில் ஹல்க் ஹோகனை இறக்கினார்கள். ஹோகன் நெருங்கினார், ஆட்காட்டி விரலால் நாஷின் மார்பில் ஒரு குத்து. ஏழடி நாஷ் குண்டடி பட்டவர்போல் மல்லாந்தார். ஹோகன் மேலே படுத்தார், மூன்று எண்ணினார்கள், பட்டம் கைமாறியது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கி வந்து பார்த்தது அந்த ஒற்றை விரலை.

இரண்டும் எழுதிவைத்தவைதான். எழுதியவர்களும் கிட்டத்தட்ட ஒரே தொழிலில் வளர்ந்தவர்கள். ஒன்று பதின்மூன்று ஆண்டு உழைப்புக்குக் கணக்குத் தீர்த்தது. மற்றொன்று வந்திருந்தவர்களை மடையர்களாக்கியது. இவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளக்க 'செட்டப்பு' என்ற சொல்லால் முடியாது. அந்தச் சொல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். விமர்சகன் அங்கேதான் தேவைப்படுகிறான். (அந்த விரல்தான் டபிள்யூ.சி.டபிள்யூ.வைக் கொன்றது என்று ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். மிகை. நைட்ரோ 2001 மார்ச் வரை ஓடியது. அது செத்ததற்குக் காரணங்கள் நிறைய. நல்ல கதைக்காகக் காரணங்களைச் சுருக்குவது ரசிகர்களின் தொழில்வியாதி.)

இங்கே நம் பக்கத்து ஆட்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. 'பொய்' என்று யாராவது சொன்னதும் ரசிகர் உடனே எடுத்து நீட்டுவது காயங்களைத்தான். "ஃபோலியின் காது போனது பொய்யா? ரிங்கின் அடியில் இரும்பும் பலகையும்தானே, மேலே மெல்லிய மெத்தை, விழுந்து பார்க்கிறாயா?" எல்லாம் சரி. ஆனால் வலி நிஜம் என்பதால் காட்சி நல்லதாகிவிடாது. இப்படி வாதிடுபவர் எதிராளியின் அளவுகோலையே கையில் எடுத்துக்கொள்கிறார்: நிஜமாக இருந்தால்தான் மதிப்பு, ஆகவே எவ்வளவு நிஜமாக அடிபட்டதென்று காட்டுகிறேன் பார் என்று. அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஃபோலியே சாட்சி.

பட்டம் ஜெயித்த 20-ஆம் நாள், அதே ஜனவரி 24 அன்று, அனஹைமில் 'ராயல் ரம்பிள்' நிகழ்ச்சி. எதிரே மறுபடியும் தி ராக். 'விட்டுவிடுகிறேன்' என்று ஒருவர் வாயால் சொன்னால்தான் முடியும் என்ற விதி. ஃபோலியின் கைகள் பின்னால் விலங்கிடப்பட்டிருந்தன. அடியைத் தடுக்கக் கை இல்லை. இரும்பு நாற்காலி தலையில் பத்துக்கும் மேற்பட்ட தடவை இறங்கியது. அவர் மனைவியும் சின்னஞ்சிறு பிள்ளைகளும் முன்வரிசையில் இருந்தார்கள். 'பியாண்ட் த மேட்' என்ற 1999 ஆவணப்படத்தில் அந்தக் குழந்தைகள் அழுவது பதிவாகியிருக்கிறது. அப்பா முன்பே சொல்லிவைத்திருந்தார், இது விளையாட்டு என்று. பிள்ளைகளுக்கு அது தெரியும். தெரிந்தும் அழுதார்கள். அவர்கள் கண்டது சரிதான்.

இந்தச் சண்டையை அந்தக் காலத்தில் ரசித்தவர்கள் ஏராளம். 'செட்டப்பு' என்று ஒதுங்கியவர் இதில் ஒரு மனிதன் மூளை குலுங்கியதைப் பார்க்கவில்லை. 'எவ்வளவு நிஜம் பார்' என்று கொண்டாடியவர் அதைப் பார்த்துக் கைதட்டினார். "இதை யார் தீர்மானித்தது, ஆறு அடியில் சொல்ல முடியாத எதைப் பத்தாவது அடி சொல்லிவிடப் போகிறது?" என்று கேட்க விமர்சனம் வேண்டியிருந்தது. கதையளவில் பார்த்தாலும் அது பாதியிலேயே முடிந்துவிட்ட சண்டை. கடைசியில் ஃபோலியின் குரலை வேறொரு பதிவிலிருந்து எடுத்து ஒலிபரப்பி 'விட்டுவிட்டார்' என்று முடித்தார்கள். நல்ல தந்திரம், அதை எந்த இடத்திலும் வைத்திருக்கலாம். தலையில் நாற்காலியால் அடிப்பதை நிறுவனம் தடைசெய்தது 2010-இல். அதற்கு முன் 2007-இல் மல்யுத்தர் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்து, அவர் மூளையைப் பரிசோதித்தவர்கள் கடுமையான சிதைவைக் கண்டார்கள். மரணச் செய்தி வந்த திங்களன்று, நடந்தது என்னவென்று முழுதாகத் தெரியுமுன்பே, அன்றைக்கென்று மூன்று மணிநேரமாக்கப்பட்டிருந்த 'ரா' முழுவதும் அவருக்கு அஞ்சலி செலுத்தி முடித்திருந்தது.

இன்னொரு சாட்சி, இதைவிடச் சிறியது. 2015 பிப்ரவரி 23. 'ரா' அப்போது மூன்று மணிநேர நிகழ்ச்சி. 2012 முதலே அப்படித்தான். அந்த மூன்று மணிநேரத்தில் நான்கு பெண்கள் மோதிய ஒரு ஜோடிச் சண்டை சுமார் 30 விநாடியில் முடிந்தது. பெல்லா சகோதரிகள் ஒருபுறம், பெய்ஜும் எம்மாவும் மறுபுறம். குத்துச்சண்டையில் முதல் 30 விநாடியில் ஒருவர் சாய்ந்தால் அவர் கை பலத்தை மெச்சுவோம். இங்கே யாரை மெச்சுவது? அவர்கள் 30 விநாடியில் ஜெயிக்கவில்லை. அவர்களுக்கு 30 விநாடிதான் ஒதுக்கினார்கள். பார்த்தவர்கள் அந்த வித்தியாசத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். பெண்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடு என்ற முழக்கம் ட்விட்டரில் பற்றிக்கொண்டு, மக்மேனே கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பதில் போட வேண்டிவந்தது. ஜூலையில் ஷார்லட், பெக்கி லிஞ்ச், சாஷா பேங்க்ஸ் மூவரும் 'ரா'வுக்குள் வந்தார்கள். 2019-இல் நிறுவனத்தின் ஆண்டுப் பெருநிகழ்ச்சியான ரெஸில்மேனியாவின் இறுதிச் சண்டையே பெண்களுடையது. சில மாதக் கூச்சல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்கள் பயிற்சிக் களத்தில் ஏற்கெனவே தங்களை நிரூபித்திருந்தார்கள். ஆனால் ஒன்று நிச்சயம்: நிகழ்ச்சி எழுதப்பட்டது என்பதை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அந்தக் கூச்சலைப் போட்டார்கள். நிஜ மோதல் என்று நம்பியவனுக்கு அதில் புகார் சொல்ல ஒன்றுமே இருந்திருக்காது.

சரி, விமர்சனம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம், எப்படிப்பட்ட விமர்சனம்? இப்போது பரவலாக இருப்பது நட்சத்திரக் கணக்கு. டேவ் மெல்ட்ஸர் 'ரெஸ்லிங் அப்சர்வர்' செய்திமடலில் ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்துக்கு இத்தனை என்று போட்டுவந்தது உலகம் முழுவதும் ஒட்டிக்கொண்டது. அவருடைய உழைப்பையும் தகவல் பலத்தையும் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனாலும் அளவுகோல் அளவுகோலாக இல்லை. 2017 ஜனவரியில் டோக்கியோ டோமில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதியதற்கு ஐந்துக்கு ஆறு கொடுத்தார். அடுத்த ஆண்டு அதே இருவருக்கு ஏழு. அபாரமான சண்டைகள்தான். ஆனால் வாராந்தர நிகழ்ச்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தவே பொருந்தாது. 1999 ஜனவரி 4 அன்று ஃபோலியும் ராக்கும் போட்ட சண்டையை நட்சத்திரத்தில் எடைபோட்டால் சாதாரணம்தான். எட்டொன்பது நிமிட இழுபறி, குறுக்கே ஆட்கள், நாற்காலி, முடிவு. அதன் கனமெல்லாம் அதற்கு முந்தைய வாரங்களிலும் அந்த மனிதனின் பழைய விழுதல்களிலும் இருந்தது.

வாராந்தர நிகழ்ச்சியை எழுதுபவர் வேறு விஷயங்களைப் பார்க்க வேண்டும். விளம்பர இடைவேளைக்குச் சற்று முன் வில்லன் கை ஓங்குகிறதே, திரும்பி வரும்போது நாயகன் இன்னும் தரையில் கிடக்கிறானா, அல்லது இடைவேளையில் எதுவுமே நடக்காததுபோல் இருவரும் நிற்கிறார்களா? போன வாரம் முழங்காலில் அடிபட்டவர் இந்த வாரம் நொண்டுகிறாரா? நடுவரின் காதில் இருக்கிற கருவி வழியாக 'நேரம் முடிகிறது' என்ற தகவல் வந்ததும் சண்டை அவசரப்படுவது கண்ணில் படுகிறதா? ப்ரோமோ என்கிற சவால் பேச்சில் ஒருவர் பேசுவது அவர் வாயிலிருந்து வருகிறதா, எழுத்தாளர் குழு கையில் கொடுத்த தாளிலிருந்து வருகிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கிளப்பவில்லை. 2019-இல் நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஜான் மாக்ஸ்லி, கிறிஸ் ஜெரிகோவின் ஒலிப்பேட்டியில் இதைத்தான் கொட்டித் தீர்த்தார்: பேச முடியாத வசனங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள் என்று. தொழில் தெரிந்தவரே தன் நிகழ்ச்சிக்கு இப்படி விமர்சனம் எழுதும்போது, 'இதில் என்ன இருக்கிறது' என்று வெளியே நிற்பவர் சொல்வது விநோதம்.

அரங்கத்துக் கூட்டமும் விமர்சகர்தான், அதுவும் இரக்கமற்றவர். 2014 ஜனவரியில் டேனியல் பிரையனை 'ராயல் ரம்பிள்' கூட்டுச் சண்டையில் சேர்க்காமல் விட்டார்கள். 30-ஆவதாக, கடைசி ஆளாக யார் வருவார் என்று கூட்டம் காத்திருக்க, வந்தவர் ரே மிஸ்டீரியோ. அந்த மனிதரை வெறுக்க ஒருவராலும் முடியாது. அவரைக் கூச்சலிட்டு விரட்டினார்கள், பிரையனாக இல்லாத குற்றத்துக்காக. நிறுவனம் திட்டத்தை மாற்றியது. ஏப்ரலில் ரெஸில்மேனியாவில் பட்டம் பிரையனுக்கு. எந்த நாடகக் கொட்டகையில் பார்வையாளர் கூச்சலிட்டு மூன்றாம் அங்கத்தைத் திருத்தி எழுத வைத்திருக்கிறார்கள்? ஆனால் கூச்சலுக்கு ஒரு குறை உண்டு. பிடிக்கவில்லை என்று மட்டும்தான் அதற்குச் சொல்லத் தெரியும்.

நம் ஊர்க்காரர்களுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று. கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி ஜிண்டர் மஹால், வருடக்கணக்கில் தோற்பதற்கென்றே வந்துபோனவர், 2017 மே மாதம் ரேண்டி ஆர்ட்டனைச் சாய்த்துப் பட்டம் பெற்றார். 'எல்லாம் செட்டப்பு' என்று சொல்லும் வாய்களே 2007-இல் கிரேட் காளிக்குச் செய்ததுபோல இவருக்கும் பெருமைப்பட்டன. நான் கேட்கவேண்டியதாக நினைப்பது, ஏன் திடீரென்று அவர், ஏன் அந்த ஆண்டு? இந்தியச் சந்தை நிறுவனத்தின் கண்ணில் இருந்தது. அந்தச் சாம்பியனுக்கு எழுதிக் கொடுத்ததோ, செப்டம்பரில் ஷின்சுகே நாகமுராவின் முகத்தையும் இனத்தையும் கேலிசெய்யும் வசனம். அமெரிக்கக் கூட்டமே 'இது ரொம்ப அதிகம்' என்று கோஷம் போட்டது. டிசம்பரில் டெல்லிக்கு வந்தபோது அவர் கையில் பட்டம் இல்லை, ஒரு மாதம் முன்பே பறித்தாகிவிட்டது. டெல்லியில் அவரைத் தோற்கடித்தவர் ட்ரிபிள் ஹெச்: நிறுவனத்தின் உயரதிகாரி, அப்போதைய முதலாளி மக்மேனின் மருமகன். தோற்கடித்துவிட்டுச் சேர்ந்து பாங்க்ரா ஆடினார்கள். இதைப் பார்த்துக் கைதட்டவும் செய்யலாம், 'பொய்தானே' என்று தோளைக் குலுக்கவும் செய்யலாம். இரண்டிலும் கேட்க வேண்டியது கேட்கப்படாமலே போகிறது.

கடைசியாக, 'செட்டப்பு' என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது யார் என்பதையும் பார்த்துவிடுவோம். அதைக் கண்டுபிடித்தது நம் புத்திசாலி நண்பர் இல்லை. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலச் செனட்டில் மக்மேனின் நிறுவனமே அதைச் சொல்லியது: இது போட்டி கிடையாது, பார்வையாளரை மகிழ்விக்கும் கேளிக்கை என்று. தொழில் தர்மமாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ரகசியத்தை அவிழ்த்ததற்கு ஞானோதயம் காரணமில்லை. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து வெளியே வந்தால் உரிமம் வாங்க வேண்டாம், சண்டைக்கு முன் மருத்துவப் பரிசோதனை வேண்டாம், வரியும் மிச்சம். 'எல்லாம் செட்டப்பு' என்பது முதலாளிக்குக் காசு மிச்சப்படுத்திக் கொடுத்த வாசகம். அதை இன்று சம்பளமில்லாமல் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

விளையாட்டு இல்லை என்றால் நடிப்பு. நடிப்பு என்றால் ஹாலிவுட் நடிகர்களுக்கு இருப்பதுபோல் சங்கம் இருக்க வேண்டுமே? அதுவும் இல்லை. டபிள்யூ.டபிள்யூ.ஈ. தன் மல்யுத்தர்களை ஊழியர் என்று சொல்வதில்லை. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் என்றே கணக்கில் வைத்திருக்கிறது. 'ரா' 2025 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனது, பத்தாண்டுக்கு 500 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில். மல்யுத்தர்களின் அந்த நிலை மட்டும் மாறவில்லை. 1986-இல், இரண்டாவது ரெஸில்மேனியாவுக்கு முன், மல்யுத்தர் ஜெஸ்ஸி வென்ச்சுரா உடைமாற்றும் அறையில் சங்கம் அமைக்கப் பேசிப் பார்த்தார். செய்தி முதலாளி காதுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் ஹல்க் ஹோகன் என்பது வென்ச்சுரா பிற்பாடு நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கின்போதுதான் வெளிவந்தது. அந்தச் சங்கம் இன்னும் அமையவில்லை.